பந்து வராத பக்கத்தின் விலை

அமெரிக்கக் கால்பந்து உலகில் 2008-ஆம் வருஷத்துப் பருவத்தின்போது, கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி தன் காவல் வரிசையின் இரண்டு ஓரங்களிலும் பேர்பெற்ற இரண்டு வீரர்களை நிறுத்தியிருந்தது. ஓர் ஓரத்தில் நாம்டி அசமுவா; மற்றோர் ஓரத்தில், அட்லாண்டாவிலிருந்து வரவழைக்கப்பட்டு, ஏழு வருஷங்களுக்கு 7 கோடி டாலர் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப்பெற்ற டி ஆஞ்சலோ ஹால். பருவத்தின் முதற்பாதியாகிய எட்டு ஆட்டங்களில் ஹால் எதிரியின் பந்தை மூன்று தடவை இடைமறித்துப் பறித்தார். அசமுவாவோ அந்தப் பருவம் முழுவதிலும் பறித்தது ஒரே ஒரு பந்துதான். மூன்று பந்துகளைப் பறித்தவரை நவம்பர் மாதத் தொடக்கத்தில் வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஒன்றைப் பறித்தவருக்கு, 2009 பிப்ரவரியில், மூன்று வருஷத்துக்கு 4 கோடியே 53 லட்சம் டாலர் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அவர் வகித்த ஸ்தானத்தில் அதுவரை எவரும் பெற்றிராத சம்பளம் அது.

எண்ணிக்கையை மாத்திரம் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். அந்தத் தொழிலின் உள்முறையை அறிந்தவருக்கோ இதில் அநியாயம் எதுவும் தென்படாது. இரண்டு காவலர்களின் கணக்குகளை எதிரெதிரே வைத்து, இவருக்கு இவ்வளவு தகும், அவருக்கு அவ்வளவு தகாது என்று தீர்ப்புச் சொல்கிற பழக்கம் அந்த நாட்டில் ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தக் காலத்தில் தலைதூக்குகிறது. அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை எந்த இடத்தில் வழுக்குகின்றன என்பதைச் சொல்வதற்கு ஓக்லண்ட் நிர்வாகத்தின் இந்த முடிவைக் காட்டிலும் நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

நாம் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் இதுவன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி, நூறு கெஜ நீளமுள்ள களத்தில், பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமாவது முன்னேறினால்தான் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு ஆடுகிற ஆட்டம் இது. தாக்கும் அணியின் மூளையாக விளங்குகிறவர் குவார்ட்டர்பேக். பந்தை எறிகிறவர் அவரே. எவருக்கு எறிவது என்று நிச்சயிக்கிறவரும் அவரே. எறிந்த பந்தைப் பிடிப்பதற்காக ஓரங்களில் விரைந்து ஓடுகிறவர்கள் ரிசீவர்கள். அந்த ரிசீவரோடு கூடவே ஓடி, அவர் எந்த இடத்தில் திரும்புவார் என்பதை அவர் திரும்புமுன்பே ஊகித்து, பந்து அவர் கையில் சேராதபடி தடுக்க வேண்டியவர் கார்னர்பேக். ஓடுகிறவருக்குத் தாம் போக வேண்டிய வழி முன்கூட்டியே தெரியும். துரத்துகிறவருக்கோ அது தெரியாது. போதாக்குறைக்கு, 1978-ல் ஏற்பட்ட விதித்திருத்தம், ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரின் மேல் கைவைத்துத் தடுக்கும் உரிமையையும் காவலரிடமிருந்து பறித்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லாச் சாதகங்களும் எதிராளிக்கே இருக்க, தனியாக நின்று பணி செய்ய வேண்டிய ஸ்தானம் இது.

இந்த ஸ்தானத்துக்குரிய கணக்கேட்டில் பழைய காலம் முதல் முக்கியமாகக் குறிக்கப்பட்டு வருவது, எத்தனை பந்துகளைப் பறித்தார் என்பது. 1952-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு ஆடவந்த டிக் லேன் என்பவர் தம் முதற்பருவத்திலேயே 14 பந்துகளைப் பறித்தார். இத்தனை வருஷங்கள் கழிந்தும் ஒரு பருவத்தில் அதை மிஞ்சியவர் இல்லை. பறிப்பு என்பது கண்ணால் காணத்தக்க செயல். கூட்டம் ஆரவாரிக்கிற செயல். எண்ணுவதற்கு எளிதான செயல். ஆனால் அந்தச் செயல் நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னதாக இன்னொருவர் ஒரு காரியம் செய்தாக வேண்டும்: குவார்ட்டர்பேக் அந்தக் காவலர் நிற்கும் திசையில் பந்தை எறிய வேண்டும். நம் ஊர்ச் சடுகுடுவில், ஓரத்தில் நிற்கும் ஒரு பிடியாளின் கை வலிமைக்கு அஞ்சி, பாடிவருகிறவன் அந்தப் பக்கம் அடியே வைக்காமல் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனானானால், அன்றைய கணக்கில் அந்தப் பிடியாளின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாது; அவன் சும்மா நின்றான் என்று கணக்கு சொல்லும்; அவன் இருந்த காரணத்தால்தான் எதிரிக்குப் பாதி மைதானம் இல்லாமற் போயிற்று என்பதைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும்.

அசமுவாவின் ஏடு இதற்குச் சரியான சான்று. கலிபோர்னியா சர்வகலாசாலையில் பயின்று, 2003-ல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், முதற்சுற்றின் 31-வது தேர்வாக ஓக்லண்டுக்கு வந்த அவர், 2006-ஆம் பருவத்தில் எட்டுப் பந்துகளைப் பறித்தார். அதற்கு மறு வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று, 2009-லும் ஒன்று. எட்டிலிருந்து ஒன்றுக்குச் சரிந்தவர் என்று ஏடு சொல்லும். நடந்ததென்னவோ இதற்கு நேர் மாறு: எட்டுப் பந்துகளை இழந்து பாடம் கற்ற குவார்ட்டர்பேக்குகள், அவர் நிற்கும் ஓரத்தையே மறந்துவிடுவதென்று நிச்சயித்துக்கொண்டார்கள். ஒரு பருவம் முழுவதிலும் அவரை நோக்கி எறியப்பட்ட பந்துகள் முப்பதைச் சுற்றியே நின்றன. அவரிடமிருந்து விலக்கி எறியப்பட்ட அத்தனை பந்துகளும் எங்கே போயிருக்கும்? மறு ஓரத்தில் நின்ற ஹாலை நோக்கித்தான். ஹால் மூன்று பந்துகளைப் பறித்ததும், பறிக்கத் தவறிய பந்துகளால் அணியைத் தவிக்கவிட்டதும், ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். நெடுங்காலம் ஓக்லண்ட் அணியை ஆண்ட ஆல் டேவிஸ் இதைக் கண்டுகொண்டார் என்பதற்கு அவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தமே அத்தாட்சி.

ஆயினும் அசமுவாவின் பெருமையைச் சொல்லும்போது அதற்குரிய அளவையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெரும்பாலும் களத்தின் ஒரே ஓரத்தைக் காத்தார். எதிரணி தன் சிறந்த ரிசீவரை மற்றோர் ஓரத்துக்கு அனுப்பிவிட்டால், அந்த மனிதரோடு அவருக்கு வேலையில்லை. மேலும், அவர் அணி அந்த நாட்களில் தோல்வியிலேயே மூழ்கியிருந்தது. 2006-ல் பதினாறு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, அதற்கடுத்த பருவத்தில் நான்கு, பின்னிரண்டு பருவங்களிலும் ஐந்தைந்து. முன்னணியில் இருக்கும் எதிரிக்கு ஆபத்தான திசையில் எறிந்து பார்க்க வேண்டிய அவசியமே நேராது. ஆகவே அவர் பக்கம் பந்து வராமைக்கு அவருடைய திறமை முதற்காரணமானாலும், அதுவே முழுக் காரணம் என்று கொள்வதற்கில்லை.

இந்த நிலையில்தான் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டாரெல் ரெவிஸ் மேலெழுந்து வந்தார். பென்சில்வேனியாவின் அலிக்விப்பா என்ற உருக்காலை ஊரில் பிறந்து, பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஆடி, 2007-ல் 14-வது தேர்வாக நியூயார்க்குக்கு வந்தவர் அவர். 2009-ல் ரெக்ஸ் ரையன் தலைமைப் பயிற்சியாளராகப் பதவியேற்றதும், ரெவிஸுக்கு இட்ட கட்டளை வேறு எவரும் ஏற்கத் தயங்கும் கட்டளையாக இருந்தது: எதிரணியின் தலைசிறந்த ரிசீவர் எவரோ, அவர் இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும், அவரைத் தனியாகத் தொடர வேண்டும், துணைக்கு ஒருவரையும் எதிர்பார்க்கலாகாது. அவருக்குத் துணையாக நிற்க வேண்டிய ஆட்களை எல்லாம் ரையன் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்வதற்கு ஏவிவிட்டார். அந்தப் பருவத்தில் ஜெட்ஸ் அணி கெஜக் கணக்கிலும் புள்ளிக் கணக்கிலும் எதிரிக்கு ஆகக் குறைவாக இடங்கொடுத்த அணியாக விளங்கியதற்கு, இந்த ஒரு மனிதரை நம்பி மற்றப் பத்துப் பேரை விருப்பம்போல் பயன்படுத்த முடிந்ததே பெருங்காரணம்.

அந்தப் பருவத்தின் ஏட்டைப் புரட்டுவது இன்றும் ஆனந்தம் தருவது. ஹூஸ்டன் அணியின் ஆண்ட்ரே ஜான்சன் அவ்வருஷம் 1,569 கெஜம் சேர்த்து ரிசீவர்களில் முதல்வராக நின்றவர். சராசரியாக ஓர் ஆட்டத்துக்குத் தொண்ணூற்றெட்டுக் கெஜம். ரெவிஸை எதிர்த்த நாளில் அவருக்குக் கிடைத்தவை நான்கு பந்துகளும் 35 கெஜமும். மறு வாரம் நியூ இங்கிலாண்டின் ராண்டி மாஸ். அவர் வரலாற்றின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவர். அவருக்கு நான்கு பந்துகள், 24 கெஜம். கரோலினாவின் ஸ்டீவ் ஸ்மித் பிடித்தது ஒரே பந்து, ஐந்து கெஜம். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் சின்சினாட்டியின் சாட் ஓச்சோசின்கோ ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் ஒரு நாள் நன்றாக ஆடுவது சகஜம். வாரந்தோறும் அந்த வாரத்தின் மிகக் கடினமான காரியத்தைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு, பருவம் முழுவதும் அதை நிறைவேற்றிய ஒருவரை நான் வேறு எந்தப் பருவத்திலும் கேள்விப்பட்டதில்லை.

இனி, இருவருடைய கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009-ல் ரெவிஸ் பறித்தவை ஆறு. அசமுவா பறித்தது ஒன்று. இதைக்கொண்டு ரெவிஸ் ஆறு மடங்கு மேலானவர் என்று சொல்வது பேதைமை. ரெவிஸை நோக்கி எறியப்பட்ட பந்துகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அசமுவாவை நோக்கி எறியப்பட்டவை முப்பதையொட்டியவை. சரி, அப்படியானால் எதிரிகள் அசமுவாவுக்கு அதிகமாக அஞ்சினார்கள், ஆகவே அவரே மேலானவர் என்று வாதிக்கலாமா? அதுவும் பொருந்தாது. ஒரே ஓரத்தில் நிற்கும் காவலரை ஒதுக்கிவிடுவது எளிது. தன் அணியின் முதல் ரிசீவரையே நிழல்போலத் தொடர்கிறவரை ஒதுக்க வேண்டுமானால், அந்த முதல் ரிசீவரையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். அதற்கு எந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் மனம் வராது. ரெவிஸுக்கு அதிகமாகப் பந்து வந்தது அவர் எளியவர் என்பதால் அன்று. அவர் தொடர்ந்து சென்ற மனிதர்கள் விட்டுவிட முடியாதவர்கள் என்பதால்.

எறிகிறவரின் திறமையை அளக்க அந்த நாட்டில் ஒரு மதிப்பெண் முறை உண்டு. அதன்படி, எறிந்த பந்து ஒவ்வொன்றும் ஒருவர் கையிலும் சேராமல் தரையில் விழுமானால்கூட 39.6 என்ற மதிப்பெண் கிடைத்துவிடும். 2009-ல் ரெவிஸை நோக்கி எறிந்தவர்களின் மதிப்பெண், ஆட்டப்படங்களைப் பார்த்து எண்ணியவர்களின் கணக்கின்படி, அதற்கும் கீழே இருந்தது. அதாவது அவரை நோக்கி எறிந்ததைவிட, ஒவ்வொரு தடவையும் பந்தைத் தரையில் அடித்துவிட்டிருந்தால் அவர்களுக்கு நன்மையாக இருந்திருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட பரீட்சைகளில் கிடைத்த இந்த எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். முப்பது பரீட்சைகளில் கிடைக்கும் எந்த எண்ணையும் அவ்வளவு உறுதியாக மதிக்க இயலாது. இரண்டு பந்துகள் வழுக்கினால் முப்பதின் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

அந்த வருஷத்தின் சிறந்த காவல் வீரர் விருதைப் பத்திரிகையாளர்கள் கிரீன்பே அணியின் சார்லஸ் வுட்சனுக்கு அளித்தார்கள். அவர் ஒன்பது பந்துகளைப் பறித்தவர், பெரிய ஆட்டக்காரர், அவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்பதும் ஆறும் எதிர்ப்பட்டபோது ஒன்பது வென்றது என்பதையும் குறிக்காமல் விட மனமில்லை.

மறு வருஷம், 2010-ல், ரெவிஸுக்குப் பழைய ஒப்பந்தப்படி வரவேண்டிய சம்பளம் 10 லட்சம் டாலர். அசமுவாவின் சம்பளம் சராசரி வருஷத்துக்கு 1 கோடியே 51 லட்சம். தம்மைவிட இலேசான காவலைச் செய்கிறவர் தம்மைப் போலப் பதினைந்து மடங்கு பெறுகிறார் என்று கண்ட ரெவிஸ், பயிற்சி முகாமுக்கு வர மறுத்துவிட்டார். 36 நாட்கள் அந்தப் பிணக்கு நீடித்தது. நிர்வாகம் பத்து வருஷங்களுக்கு நீளும் பெருந்தொகை ஒன்றைச் சொல்ல, அதில் உத்தரவாதம் போதாதென்று வீரர் தரப்பு மறுத்ததாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. முடிவில், அணியின் உரிமையாளர் வுடி ஜான்சனும் ரையனும் புளோரிடாவுக்கு விமானமேறிச் சென்று அவரை நேரிற் கண்டு பேசினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் நான்கு வருஷத்துக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் முடிந்தது. அதில் 3 கோடியே 20 லட்சம் உத்தரவாதமுள்ள தொகை.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறி வீட்டில் உட்கார்ந்துகொள்வது தர்மமா என்று அன்று பலர் கேட்டார்கள். ஒப்பந்தம் என்பது இரு தரப்பையும் ஒரே விதமாகக் கட்டுமானால் அந்தக் கேள்விக்கு மதிப்புண்டு. அந்த விளையாட்டில் அப்படி இல்லை. உத்தரவாதம் செய்யாத எந்தத் தொகையையும், வீரரை விலக்கிவிட்டு, நிர்வாகம் கொடுக்காமல் இருந்துவிடலாம். 7 கோடி என்று எழுதப்பட்ட ஹாலுக்கு எட்டு ஆட்டங்களின் முடிவில் கிடைத்தது ஏறத்தாழ 80 லட்சந்தான். நிர்வாகம் எந்த நாளிலும் கைவிடக்கூடிய ஒரு பத்திரத்தை வீரர் மாத்திரம் வேதவாக்காகக் கொண்டு, முழங்கால் ஒன்று முறிந்தால் அன்றோடு முடிந்துவிடும் தொழிலில், தம் உச்ச வருஷங்களைச் சொற்பக் கூலிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நீதியில் அடங்கும்? ரெவிஸ் செய்தது சரியென்றே நான் திடமாக நினைக்கிறேன். நிர்வாகத்துக்கு விலக்கும் உரிமை இருப்பதுபோல் வீரருக்கு விலகி நிற்கும் உரிமை இருக்கிறது. அதற்கும் அபராதமும் அபவாதமும் உண்டு.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருவரில் அதிகச் சம்பளம் பெற்றவர் யார்? வருஷச் சராசரியைப் பார்த்தால் அசமுவா. ரெவிஸின் சராசரி 1 கோடியே 15 லட்சந்தான். உத்தரவாதத்தைப் பார்த்தால் ரெவிஸ். அசமுவாவின் உத்தரவாதம் 2 கோடியே 85 லட்சம். தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சாகும் மொத்தத் தொகை விளம்பரத்துக்கு உதவும். காவலரின் வீட்டுக்கு நிச்சயமாக வந்துசேரும் பணம் உத்தரவாதத் தொகையே. ஆட்டத்தின் எண்களை இவ்வளவு நுட்பமாகச் சோதிக்கிறவர்கள், சம்பளத்தின் எண்ணை மாத்திரம் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2010 ஜனவரியில் நடந்த அரையிறுதி நிலை ஆட்டத்தில் ஜெட்ஸ் அணி இண்டியானாபோலிஸ் அணியைச் சந்தித்தது. எதிரணியின் முதல் ரிசீவர் ரெஜி வெய்னை ரெவிஸ் மூன்று பந்துகளோடு நிறுத்திவிட்டார். பெய்டன் மேனிங் என்ற மகா குவார்ட்டர்பேக் அதற்காக மனம் தளரவில்லை. வெய்னை விட்டுவிட்டு, பியர் கார்சோனுக்குப் பதினொரு பந்துகளும் ஆஸ்டின் காலிக்கு ஏழு பந்துகளும் கொடுத்து, மொத்தம் 377 கெஜம் எறிந்து, 30-க்கு 17 என்று ஆட்டத்தை வென்றுவிட்டார். ஒரு கதவை எவ்வளவு பலமாகத் தாழிட்டாலும், மற்றக் கதவுகளைக் காக்க ஆளில்லையானால் பயன் சுருங்கிப்போகும். ஆகையால் ஒரு காவலருக்குச் சம்பளத்தை வாரிக் கொடுக்குமுன், மற்ற இடங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நிர்வாகம் யோசிப்பதைக் குற்றமென்று சொல்லமாட்டேன்.

புதிய ஒப்பந்தத்தோடு ரெவிஸ் ஆடவந்த 2010-ஆம் பருவத்தில், இரண்டாவது வாரத்திலேயே மாஸ் ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்து அவரைக் கடந்துபோனார். துரத்தும்போது ரெவிஸின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. பருவ முடிவில் அவர் ஏட்டில் இருந்த பறிப்புகளின் எண்ணிக்கை பூஜ்யம். அசமுவாவின் ஏட்டிலும் அதே பூஜ்யம். அந்த வருஷத்தின் அகில அமெரிக்கத் தொழில்முறை அணியை அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் தேர்ந்தெடுத்தபோது, கார்னர்பேக் ஸ்தானங்கள் இரண்டுக்கும் நிறுத்திய பெயர்கள் ரெவிஸும் அசமுவாவும்! எண்ணிக்கையைப் பாராமல் ஆட்டத்தைப் பார்த்து அளித்த தேர்வு அது. அதே பருவத்தில் ஹால், வாஷிங்டன் அணிக்காக ஆடி, சிக்காகோவுக்கு எதிரே ஒரே நாளில் நான்கு பந்துகளைப் பறித்துப் பழைய சாதனையொன்றைச் சமன்செய்தார். அவரை அந்த இரண்டு ஸ்தானங்களில் எதற்கும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் துயரமளிப்பது அசமுவாவின் பின்னாள். 2011-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவருக்கு ஐந்து வருஷத்துக்கு 6 கோடி டாலர், அதில் 2 கோடியே 50 லட்சம் உத்தரவாதம் என்று எழுதிக்கொடுத்து அழைத்துக்கொண்டது. ஓக்லண்டில் அவர் செய்த காரியம், ரிசீவரின் முகத்தோடு முகம் வைத்து நின்று, ஆளை மாத்திரம் காப்பது. பிலடெல்பியாவிலோ அவரைச் சில சமயம் களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். சில சமயம் ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காக்கச் சொன்னார்கள். பின்வாங்கி நின்று, குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்து, வருகிறவரை வாங்கிக்கொள்ளும் அந்த வித்தை வேறு. அங்கே முதற்பருவத்தில் அவர் மூன்று பந்துகளைப் பறித்தார்; ஓக்லண்டில் முந்தைய மூன்று பருவங்களிலும் சேர்த்துப் பறித்ததைவிட அதிகம். அந்த மூன்றும் அவருடைய உயர்வைக் காட்டவில்லை. குவார்ட்டர்பேக்குகள் அவரை நோக்கி அச்சமில்லாமல் எறியத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் காட்டின. இரண்டே பருவங்களில், 2013 மார்ச்சில், அவரை விலக்கிவிட்டார்கள். அந்த வருஷம் முடியுமுன்பே அவர் ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெற்றார். ஒருவருடைய கணக்கை வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கு எந்த ஏற்பாட்டில் விளைந்தது என்பதையும் சேர்த்து வாங்காவிட்டால், விற்பவரும் வாங்குபவரும் இருவருமே நஷ்டப்படுகிறார்கள்.

இப்போதெல்லாம் பறிப்பை மாத்திரம் எண்ணும் காலம் போய்விட்டது என்று சொல்வார்கள். உண்மைதான், ஆட்டப்படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எத்தனை பந்துகள் அவரை நோக்கி வந்தன, எத்தனை விட்டுக்கொடுத்தார், எத்தனை கெஜம் என்று குறித்துத் தருகிற நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இடத்தைக் காக்கும் முறையில் ஒரு ரிசீவர் ஆளில்லாமல் ஓடிவிட்டால், தவறு கார்னர்பேக்கினுடையதா, அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவருடையதா என்பது, அன்று பயிற்சியாளர் இட்ட கட்டளையை அறிந்தவர்களுக்கே தெரியும். படம் பார்க்கிறவர் ஊகித்துத்தான் எழுதுகிறார். மேலும் எந்தப் படக் கணக்கும் வராத பந்தை எண்ணித் தர இன்னும் கற்கவில்லை. 2014 செப்டம்பரில், சியாட்டில் அணியின் ரிச்சர்ட் ஷெர்மன் காத்த ஓரத்தில், கிரீன்பேயின் ஆரன் ராட்ஜர்ஸ் போன்ற ஒரு குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுவதிலும் ஒரு பந்தைக்கூட எறியவில்லை. சியாட்டில் 36-க்கு 16 என்று வென்றது. அன்றைய ஷெர்மனின் உழைப்புக்கு எண் கொடுங்கள் என்றால் என்ன கொடுப்பது?

ரெவிஸும் கஷ்டங்களைக் காணாமல் போகவில்லை. 2012-ல் மியாமியில் முழங்கால் தசைநார் அறுந்தது. மறு வருஷம் அவரை டாம்பா பே அணிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆறு வருஷத்துக்கு 9 கோடியே 60 லட்சம் என்று பெரிய எழுத்தில் அச்சானது. அதில் உத்தரவாதம் ஒரு டாலர்கூட இல்லை. ஒரு பருவம் ஆடி 1 கோடியே 60 லட்சம் பெற்றதோடு அந்தப் பத்திரம் காலாவதியாயிற்று. நியூ இங்கிலாண்டில் ஒரு வருஷம் ஆடிச் சாம்பியன் பட்டம் வென்றார். 2023-ல், தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே, புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. வாழ்நாளில் அவர் பறித்தவை மொத்தம் 29 பந்துகள். அந்த எண்ணை மாத்திரம் பார்த்திருந்தால் அந்த மண்டபத்தின் வாயிற்படியைக்கூட அவர் மிதித்திருக்க முடியாது.

2025-ல் இந்த விவாதம் மறுபடியும் கிளம்பியது. 2022-ஆம் வருஷத் தேர்வில் மூன்றாவதாக ஹூஸ்டனுக்குப் போன டெரெக் ஸ்டிங்லியும், நான்காவதாக ஜெட்ஸுக்குப் போன சாஸ் கார்ட்னரும், அந்த வருஷம் சில மாத இடைவெளியில் புதிய ஒப்பந்தங்கள் பெற்றார்கள். முதல் மூன்று பருவங்களில் ஸ்டிங்லி பறித்தவை பதினொன்று. கார்ட்னர் பறித்தவை மூன்று. ஸ்டிங்லிக்கு மூன்று வருஷத்துக்கு 9 கோடி. கார்ட்னருக்கு நான்கு வருஷத்துக்கு 12 கோடியே 4 லட்சம். வருஷச் சராசரியில் கார்ட்னர் ஓர் அணுவளவு மேல். பதினொன்றுக்குக் கிடைக்காதது மூன்றுக்குக் கிடைத்துவிட்டதே என்று கேட்கிறவர்களுக்கு, கார்ட்னர் தம் முதலிரண்டு வருஷங்களிலும் அகில அமெரிக்க அணியில் இடம்பெற்றவர் என்பதையும், அவர் பக்கம் எறியக் குவார்ட்டர்பேக்குகள் தயங்கினார்கள் என்பதையும் சொல்வேன்; அந்தச் சம்பளம் அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை. நான் குறைகாண்பது வேறு இடத்தில். ஸ்டிங்லியின் 9 கோடியில் 8 கோடியே 90 லட்சம் உத்தரவாதம்; கார்ட்னரின் 12 கோடியில் உத்தரவாதம் 8 கோடியே 50 லட்சத்துக்குச் சற்று மேல். இருவரில் நல்ல ஒப்பந்தம் பெற்றவர் ஸ்டிங்லியே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தலைப்புகளில் முதலிடம் பெற்றதோ கார்ட்னரின் தொகை. ஜூலையில் கையெழுத்திட்ட ஜெட்ஸ் நிர்வாகம், நவம்பர் முதல் வாரத்தில், இரண்டு முதற்சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இளம் ரிசீவரையும் பெற்றுக்கொண்டு, கார்ட்னரை இண்டியானாபோலிஸுக்கு அனுப்பிவிட்டது.